பஞ்சாலைக் குட்டையில் நடந்த தேர்தல்

இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில், பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அதில் வாத்துகள் வாழ்ந்தன. கரையில் எலிகளும் புறாக்களும் சிட்டுக்குருவிகளும் வண்டி இழுக்கும் குதிரைகளும் கழுதைகளும் குடியிருந்தன. எல்லாம் உழைத்துப் பிழைக்கிற கூட்டம். கரிப்புகை எப்போதும் வானத்தை மூடியிருக்கும். அந்த ஊரில் வெள்ளைப் புறாவும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

நவம்பர் மாதம் வந்தால் மனிதர்கள் நகரசபைத் தேர்தல் நடத்துவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மிருகங்களும் தங்களுக்கு ஒரு நகரசபை வைத்துக்கொண்டன. வார்டுக்கு ஓர் உறுப்பினர். குட்டைக்கரை வார்டுக்கு ஆண்டுதோறும் உறுப்பினராக வந்தது பர்னபி என்ற பூனை.

பர்னபி பக்கத்துப் பீர் ஆலையின் பூனை. கொழுத்த உடம்பு, வரிவரியான ரோமம், இனிமையான பேச்சு. அந்த ஆலையின் தானியக் கிடங்கில்தான் வார்டின் எலிகளில் பாதி குடியிருந்தன. பர்னபிக்குக் காலையும் மாலையும் பால் கிடைத்ததால் அது எலிகளைத் தின்பதில்லை. தின்னாமல் இருப்பதையே தான் செய்யும் பெரிய உதவியாக அது எண்ணிக்கொண்டது. எலிகளும் அப்படியே எண்ணின.

தேர்தல் நாள் என்றால் அந்தக் காலத்தில் திருவிழாதான்! பஞ்சாலை வாசலில் கிடக்கும் நீலத் துணிக் கிழிசல்களை எல்லோரும் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். வாத்துகள் முன்னால் நடக்கும். குருவிகள் பின்னால் பாடிக்கொண்டு வரும். நடக்க முடியாத கிழட்டுப் புறாக்களைக் கழுதைகள் முதுகில் ஏற்றி வரும். பீர் காய்ச்சி இறக்கிய பார்லிச் சக்கையைப் பர்னபி ஆவி பறக்கக் குவித்துவைக்கும். குளிரில் அதைத் தின்றால் உடம்பு சூடாகும், தலை லேசாகச் சுற்றும், எல்லோர் மீதும் அன்பு பொங்கும்.

பிறகு ஓட்டு. பர்னபிக்குப் போடுகிறவர்கள் குட்டையின் மேற்குக் கரையில் நிற்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். கிழக்குக் கரையில் யாரும் நின்றதே இல்லை.

ஆனால் அந்தக் குட்டைக்கு ஒரு துயரம் இருந்தது. ஒரு காலத்தில் மலையிலிருந்து ஓர் ஓடை அதில் வந்து விழுந்துகொண்டிருந்தது. மேட்டுத்தெருவின் மயில்கள் நகரசபையில் பேசி, அதைத் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டன. அதற்குப்பின் குட்டைக்குச் சாயப்பட்டறைத் தண்ணீர் மட்டும்தான் வந்தது. ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். வசந்தத்தில் பிறக்கும் வாத்துக் குஞ்சுகள் கோடைக்குள் செத்து மிதந்தன.

மார்த்தா என்ற வாத்து அந்த ஆண்டு தன் குஞ்சுகளை எல்லாம் பறிகொடுத்திருந்தது. தேர்தலுக்கு முன்னால் அது பர்னபியிடம் போனது.

“பர்னபி அண்ணே, ஓடைத் தண்ணீரில் கொஞ்சம் நமக்கும் கேட்கக் கூடாதா?”

“கேட்காமலா இருப்பேன்! அடுத்த கூட்டத்தில் பேசிவிடுகிறேன். நீ விருந்துக்கு வந்துவிடு மார்த்தா! இந்த வருஷம் பார்லி அருமை!”

“போன வருஷமும் அடுத்த கூட்டம் என்றுதான் சொன்னீர்கள்.”

“அப்படியா? எனக்கு நினைவில்லையே!” என்று பர்னபி கொட்டாவி விட்டது. நகரசபைக் கூட்டங்களில் அது தூங்கும் என்பது ஊருக்கே தெரியும்.

மார்த்தா நேராக லாயத்துக்குப் போனது. அங்கே ஜெத்ரோ என்ற குதிரை இருந்தது. நிலக்கரி வண்டி இழுத்து இழுத்து அதன் தோளில் ரோமம் தேய்ந்து போயிருந்தது.

“ஜெத்ரோ அண்ணே, நீங்கள் தேர்தலில் நிற்க வேண்டும்!”

“நானா? எனக்குப் பேச வராதே அம்மா!”

“பேசத் தெரிந்தவர் போய்த் தூங்குகிறார். நீங்கள் விழித்திருந்தால் போதும்!”

ஜெத்ரோ வெகுநேரம் வைக்கோலை மென்றது. பிறகு, “சரி, நிற்கிறேன்” என்றது.

தேர்தல் நாள் வந்தது. எல்லோரும் பார்லி தின்றார்கள். எல்லோரும் மேற்குக் கரைக்குப் போனார்கள். கிழக்குக் கரையில் ஜெத்ரோவும் மார்த்தாவும் மட்டும் நின்றார்கள். அப்போது கூட்டத்திலிருந்து ஓர் எலி பிரிந்து வந்தது. அதன் பெயர் சைலஸ். கிடங்கில் மனைவி மக்களோடு குடியிருந்த எலி. உடம்பெல்லாம் நடுங்க, எல்லோரும் பார்க்க, அது குட்டையைச் சுற்றி நடந்து வந்து மார்த்தாவின் பக்கத்தில் நின்றது.

“சைலஸ், உனக்குப் பைத்தியமா! திரும்பி வா!” என்று அதன் அக்கா ஹானா மேற்குக் கரையிலிருந்து கத்தியது.

சைலஸ் திரும்பவில்லை.

பர்னபி கோபப்படவில்லை. சிரித்தது. “அவரவர் விருப்பம்!” என்றது. மறுநாள் காலையில் சைலஸின் வளை வாசலில் வந்து உட்கார்ந்தது.

“சைலஸ் தம்பி, கிடங்கில் இடம் போதவில்லை. நீ வேறு இடம் பார்த்துக்கொள்!”

“வெளியே பனி உறைந்து கிடக்கிறது அண்ணே! பிள்ளைகள் சின்னவர்கள்!”

“ஆமாம், பாவம்!” என்று பர்னபி தன் பாதத்தை நக்கிக்கொண்டது. நகங்கள் வெளியே நீண்டிருந்தன.

சைலஸும் மனைவியும் பிள்ளைகளை வாயில் கவ்விக்கொண்டு லாயத்துக்கு ஓடின. ஜெத்ரோ தன் வைக்கோலை ஒதுக்கி இடம் கொடுத்தது. ஆனாலும் அந்தக் குளிரில் சைலஸின் கடைக்குட்டி பிழைக்கவில்லை. ஹானா பார்க்க வரவில்லை. வந்தால் தன் வளையும் போய்விடும் என்று அதற்குப் பயம்.

வார்டில் எல்லோருக்கும் செய்தி தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, தேர்தலுக்குச் சில வாரம் முன்னால், பெக்கி என்ற சிட்டுக்குருவி பறந்து வந்தது.

“மார்த்தா அக்கா! நகரசபையில் இன்று பெரிய கூத்து! மேட்டுத்தெரு மயில் பர்னபியைக் கேலி செய்துவிட்டது! உன் வார்டில் உனக்கு விழுவது ஓட்டு இல்லை, உன் நகத்துக்கு விழுகிற கும்பிடு என்று சொல்லிவிட்டது! எல்லோரும் சிரித்தார்கள். பர்னபி மீசை துடிக்க எழுந்து போய்விட்டது!”

மார்த்தா அன்று மாலையே பர்னபியைப் பார்க்கப் போனது.

“அண்ணே, மயில் சொன்னதைக் கேட்டு எனக்கே பொறுக்கவில்லை!”

“நீயா சொல்கிறாய்? நீதான் கிழக்குக் கரையில் நின்றாயே!”

“அது எனக்கும் உங்களுக்கும் உள்ள சண்டை. வெளியார் நம் வார்டைக் கேலி செய்யலாமா? மயிலின் வாயை அடைக்க ஒரு வழி இருக்கிறது. இந்த முறை கரையில் நிற்க வேண்டாம். ஒவ்வொருவரும் தனியாகப் போய், மறைவாக ஓட்டுப் போடட்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. அப்போதும் நீங்கள் ஜெயித்தால், அது அன்புக்கு விழுந்த ஓட்டு என்று ஊரே ஒப்புக்கொள்ளும்!”

பர்னபி கண்களை மூடி யோசித்தது. பார்லியைத் தின்றுவிட்டு எல்லோரும் தன் காலடியில் உருண்டு சிரித்தது அதன் நினைவுக்கு வந்தது.

“இவர்களுக்கு என் மேல் அன்பு இல்லாமலா போய்விடும்? நடக்கட்டும்! மயிலும் தெரிந்துகொள்ளட்டும்!” என்றது.

கரையில் ஒரு பழைய படகு கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் கழுத்துக் குறுகிய ஒரு மண்ஜாடியை வைத்தார்கள். பக்கத்தில் வெள்ளைக் கூழாங்கற்களும் கரித்துண்டுகளும் குவிக்கப்பட்டன. பர்னபிக்கு வெள்ளைக் கல், ஜெத்ரோவுக்குக் கரி. மாதா கோயில் கோபுரத்து ஆந்தை தேர்தல் அதிகாரி.

காலையில் பர்னபி வந்து படகுக்குப் பக்கத்திலேயே வசதியாகப் படுத்துக்கொண்டது.

சைலஸ் மார்த்தாவின் இறக்கைக்கடியில் புகுந்து கிசுகிசுத்தது. “அக்கா, அது எதற்கு அங்கே படுத்திருக்கிறது தெரியுமா? அதன் காது! கிடங்கில் ஒரு பார்லி மணி விழுந்தாலும் அதற்குக் கேட்கும். ஜாடிக்குள் கல் விழுந்தால் ஒரு சத்தம், கரி விழுந்தால் ஒரு சத்தம். ஒவ்வொருவரையும் கண்டுபிடித்துவிடும்!”

எல்லோரையும் தானே பூனையின் வாயில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமோ என்று மார்த்தா நினைத்தது. சுற்றிலும் பார்த்தது. பஞ்சாலைச் சுவரோரம் கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. உடனே ஒரு வாய் நிறையப் பஞ்சைக் கவ்விக்கொண்டு படகுக்குள் நுழைந்தது.

“என்ன அது?” என்று பர்னபி தலையைத் தூக்கியது.

“பழைய ஜாடி அண்ணே! கல் விழுந்து உடைந்துவிட்டால் உங்கள் ஓட்டெல்லாம் சிதறிப் போகுமே!”

“அதுவும் சரிதான்!” என்று பர்னபி மறுபடி படுத்தது. ஆனால் முதல் ஓட்டு விழுந்தபோது அதன் காது நிமிர்ந்தது. இரண்டாவது விழுந்தபோது பக்கவாட்டில் திரும்பியது. ஒன்றும் கேட்கவில்லை! கல்லும் கரியும் பஞ்சில் ஒரே மாதிரி மெத்தென்று விழுந்தன. அவ்வப்போது மார்த்தா உள்ளே போய் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்துவிட்டு வந்தது.

அன்றும் விருந்து நடந்தது. எல்லோரும் நீலத் துணி கட்டிக்கொண்டு, பார்லி தின்று, “பர்னபி வாழ்க!” என்று கத்தினார்கள். ஒவ்வொருவராகப் படகுக்குள் போனார்கள்; கழுதைகளும் குதிரைகளும் தலையை மட்டும் நுழைத்துப் போட்டன. உள்ளே போகும்போது இருந்த சிரிப்பு, வெளியே வரும்போது சிலர் முகத்தில் இல்லை. ஹானா மட்டும் உள்ளே வெகுநேரம் இருந்தது. வந்ததும் யாரையும் பார்க்காமல் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து அழுதது.

மாலை மங்குவதற்கு முன் ஆந்தை ஜாடியைக் கவிழ்த்தது. பஞ்சோடு சேர்ந்து ஓட்டுகள் தரையில் கொட்டின. எண்ணவே தேவைப்படவில்லை. குவியல் கறுப்பாக இருந்தது. நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வெள்ளைக் கற்கள்.

“ஜெத்ரோ!” என்று ஆந்தை கூவியது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லோரும் பூனையையே பார்த்தார்கள்.

பர்னபி எழுந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தது.

“நீ யாருக்குப் போட்டாய்?”

“உங்களுக்குத்தான் அண்ணே!” என்றது புறா.

“நீ?”

“உங்களுக்கேதான்!” என்றது கழுதை.

“எல்லோரும் எனக்குத்தான் போட்டீர்கள் என்றால் இந்தக் கரியெல்லாம் எங்கிருந்து வந்தது?” என்று பர்னபி கத்தியது.

“நான் ஜெத்ரோ அண்ணனுக்குப் போட்டேன்!” என்றது சைலஸ். இந்த முறை அதன் உடம்பு நடுங்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. “நானும்தான்!” அது ஹானா. பிறகு ஒரு புறா, “நானும்!” என்றது. பிறகு கழுதை. பிறகு எந்தக் குரல் யாருடையது என்றே தெரியவில்லை. பர்னபியின் நகங்கள் வெளியே வந்தன, உள்ளே போயின. ஒருவனை விரட்டலாம். வார்டையே விரட்டிவிட்டு யாருக்கு உறுப்பினராக இருப்பது? அது வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பீர் ஆலைக்கு நடந்தது.

ஜெத்ரோ நகரசபைக்குப் போனது. “எங்கள் குட்டைக்கு ஓடைத் தண்ணீர் வேண்டும்” என்றது. மயில்கள் சிரித்தன. விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் ஜெத்ரோ எழுந்து நின்று அதே வாக்கியத்தைச் சொன்னது. அதற்கடுத்த கூட்டத்திலும் சொன்னது. குளிர்காலம் முழுவதும் அந்தத் தேய்ந்த தோளோடு அது வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து மயில்களுக்கே அலுத்துப்போனது. கடைசியில், “ஒரு வாய்க்கால்தானே, வெட்டிக்கொள்ளட்டும்!” என்றன. மலைச்சரிவு முயல்கள் வந்து வாய்க்கால் வெட்டின.

வசந்தத்தில் மார்த்தா புதிய குஞ்சுகளோடு கரைக்கு வந்தது. ஓடை சாயத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது; தண்ணீரில் அடி மண் தெரிந்தது. முதலில் தான் இறங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்தது. பிறகு திரும்பி, “வாருங்கள்!” என்றது. குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன. எலிகளும் புறாக்களும் குருவிகளும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. சைலஸும் ஹானாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கோடை போய்ப் பனி விழும் வரை குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. பஞ்சாலை மூடப்பட்டது. வண்டிக் குதிரைகள் இல்லை. குட்டை இருந்த இடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. ஓட்டுப் போடுகிற நாளில் பாட்டும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஒவ்வொருவரும் அவசரமாக வந்து அவசரமாகப் போகிறார்கள். அன்று ஒரு ஜாடிக்குள் ஒரு கரித்துண்டைப் போடுவதற்கு ஓர் எலி படகுக்குள் எவ்வளவு நேரம் நின்றது என்பதை நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

விருந்தோ மிரட்டலோ எது வந்தாலும், ஏழைக்கு இருக்கும் பெரிய பலம் அவன் ஓட்டு. அதை மனசாட்சிக்கு மட்டுமே போட வேண்டும்.