ஒரு தொன்னைக்கு எத்தனை படி

"ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டா, அது உடம்பை விட்டுப் போக எத்தனை படி ஏறணும் அம்மா?"

கேட்டுவிட்டு, செண்பகவல்லி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மலையடிவாரத்து மடத்தில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செண்பகவல்லியைவிட வயதில் இளையவர்தான். ஊரே அவரை அம்மா என்றது. இவளும் அம்மா என்றாள். அவர் இவளை அக்கா என்பார்.

"படியை எண்ணச் சொன்னது யாரு அக்கா?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. இனிப்பை விடச் சொன்னாரு. ரெண்டுல ஒண்ணுதான் என்னால முடியும்."

"எது?"

"நடக்கிறது. அதான் தினம் காலையில மலை ஏறுறேன்."

"நல்லது."

"மேல போனா பிரசாதம் குடுக்கிறாங்க."

"ஆமா."

"சாமி பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லலாமா?"

அம்மா உருவிய காம்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

செண்பகவல்லியின் பயம் சும்மா வந்த பயம் இல்லை. உடன்பிறந்த மூத்தவள் லோகநாயகிக்கும் சர்க்கரைதான். முதலில் அவளுக்கு ஒரு கால்விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்கால் வரைக்கும். இப்போது நாற்காலியைத் தெருவாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். போகிறவர் வருகிறவர் முகத்தை அவள் பார்ப்பதில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த நாளெல்லாம் செண்பகவல்லிக்குச் சோறு இறங்காது.

ஆனால் பொங்கல் இறங்கும்.

அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு தொன்னை சாப்பிட்டால் கீழே இறங்கி, மறுபடியும் ஒரு தடவை மலை ஏறிவிடுவது. சாப்பிட்டதற்கும் ஏறியதற்கும் சரியாகப் போய்விடும்.

இரண்டாம் தடவை ஏறினால், மேலே மறுபடியும் தொன்னையை நீட்டினார்கள்.

"என்னம்மா, நீங்க இறங்கிப் போனதைப் பார்த்தேனே" என்றார் பொங்கல் கொடுப்பவர்.

"ஒண்ணை மறந்து வச்சிட்டேன்."

"நேத்தும் மறந்தீங்களே."

வீட்டுக்காரர் வேறு கேலி செய்தார். "நீ முருகனைப் பார்க்கப் போறியா, மடப்பள்ளியைப் பார்க்கப் போறியா?"

இவ்வளவையும் அவள் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அம்மா கீரையைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டார்.

"நாளைக்குப் போயிட்டு வந்து, படி எப்படி இருந்ததுன்னு எனக்குச் சொல்லுங்க."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வந்தாள்.

"படி எப்படி இருந்தது அக்கா?"

செண்பகவல்லி யோசித்தாள். "படி படியாத்தான் இருந்தது அம்மா."

"பொங்கல்?"

"அதை ஏன் கேக்கிறீங்க. வெல்லத்தை வடிகட்டாமப் போட்டிருக்கான், மண்ணு பல்லுல நறநறங்குது. நெய் மேலாக மினுங்குது, உள்ள ஒண்ணும் இல்லை. முந்திரி எல்லாம் உடைஞ்சது, அதுவும் கருகினது. பச்சைக் கற்பூரத்தை மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போட்டுட்டான். அடிப்பிடிச்ச வாசம் லேசா வந்தது. ஆனா அதுவும் ஒரு ருசிதான்."

அம்மா காது கொடுத்துக் கேட்டார். "நானே சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

செண்பகவல்லிக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கு ஒரு வழி சொல்லுங்க அம்மா."

"நாளைக்கும் போயிட்டு வாங்க. படி எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. மருந்து கேட்டு வந்தவளிடம் இதென்ன விளையாட்டு. படியில் என்ன இருக்கும்? கல் இருக்கும்.

வீட்டுக்குப் போயும் நிம்மதி இல்லை. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, இதற்கு எவ்வளவு நடக்கணும் என்று மனசு கணக்குப் போட்டது. கூடத்தையே சுற்றிச் சுற்றி நடக்கும்போது, இவ்வளவு நடந்ததற்கு என்ன சாப்பிடலாம் என்று நாக்கு கணக்குப் போட்டது.

"உக்காரு. பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்றார் வீட்டுக்காரர்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் லோகநாயகியின் நாற்காலி ஞாபகம் வந்தது. எழுந்து மறுபடியும் நடந்தாள்.

வெறுங்காலோடு நடக்காதீங்க என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாமி மலையில் யார் செருப்பு போடுவார்கள்?

வெள்ளிக்கிழமை வந்தது. மலையில் நல்ல கூட்டம். முதல் படியில் ஆளாளுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுதல்காரர்கள் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அன்றைக்குச் செண்பகவல்லி ஏறினாள், சாப்பிட்டாள், இறங்கினாள். திரும்ப ஏறினாள், சாப்பிட்டாள், இறங்கினாள். மூச்சு வாங்க மடத்துக்குள் வந்து, சிமெண்ட் தரையில் அம்மாவுக்கு எதிரே காலை மடித்து உட்கார்ந்தாள்.

"நேத்து ரத்தம் பார்த்தேன் அம்மா."

"என்ன சொன்னாங்க?"

"முன்னைக்கு இப்ப சர்க்கரை கூடியிருக்காம்." அவள் குரல் உடைந்தது. "இந்த வெயில்ல நாய் மாதிரி ஏறி இறங்குறேன். அப்புறமும் கூடினா நான் என்னதான் செய்யிறது? நானும் லோகநாயகி அக்கா மாதிரி ஆயிடுவேனா? அதையாவது சொல்லிடுங்க."

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்து அவள் நடந்து வந்த வழியைப் பார்த்தார். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீரும் ஒரு தாம்பாளமும் கொண்டுவந்தார்.

"காலை நீட்டுங்க அக்கா."

செண்பகவல்லி பதறிப்போனாள். "உங்க முன்னாடியா? எனக்குப் பாவம் வந்து சேரவா?" மடித்த காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நீட்டுங்க."

அவள் அசையவில்லை. அம்மா கீழே உட்கார்ந்து, அவளுடைய வலது காலைத் தானே இழுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார்.

தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"குங்குமம் அம்மா" என்றாள் செண்பகவல்லி, கூச்சத்தோடு. "வெள்ளிக்கிழமை இல்லையா. படியெல்லாம் பொட்டு வச்சிருந்தாங்க."

அம்மா இன்னொரு தரம் ஊற்றினார். அதுவும் சிவப்பாகவே ஓடியது. குதிகாலை மடியில் திருப்பி வைத்து, குனிந்து பார்த்தார். நகத்தால் எதையோ பற்றி இழுத்தார். அதைத் தாம்பாளத்தில் போட்டபோது கிண்ணென்று சத்தம் கேட்டது.

தேங்காய் ஓட்டின் சில்லு. கூர்மையாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

"எந்தப் படியில குத்துச்சு?"

"தெரியலை அம்மா."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"தெரியலையே."

"வலிக்குதா?"

"இல்லை" என்றாள். சொன்ன சொல் அவள் காதிலேயே வந்து விழுந்தது. விரலில் புண் வந்த முதல் நாள் லோகநாயகியும் இதையேதான் சொன்னாள். விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வலிக்கவே இல்லைடி.

அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். வாசல் பக்கம் குரல் கொடுத்து ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வரேன்."

செண்பகவல்லி தலையை ஆட்டினாள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"இன்னைக்குப் பொங்கல் எப்படி இருந்தது அக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். இன்றைக்கு நெய் தாராளம், ஏலக்காய் போட மறந்துவிட்டான், முந்திரி முழுசு, இரண்டாம் தடவை கொடுத்தது கொஞ்சம் ஆறிப்போனது. எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றது.

வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் இருந்து அவள் உட்கார்ந்த இடம் வரைக்கும் தரையில் சிவப்புச் சுவடு வந்திருந்தது. ஒரு அடி விட்டு ஒரு அடி, வலது காலின் சுவடு மட்டும். அதை இப்போதுதான் பார்த்தாள்.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. அம்மா எழுந்து கை நீட்டினார்.

செண்பகவல்லி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சேலையைக் கணுக்கால் வரை ஒதுக்கிக்கொண்டு, மடித்திருந்த இடது காலைத் தானாகவே அம்மாவுக்கு எதிரே நீட்டினாள்.

"இதையும் பாருங்க அம்மா."