மகாராஜாவைப் பின்தொடர்ந்த வான்கோழி

மயிலங்காட்டு நாட்டில் கோட்டையும் உண்டு, கோட்டை மதிலை ஒட்டிச் செல்போன் கோபுரமும் உண்டு. அது எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள். ராஜாக்களுக்குப் புத்தகம் எழுதும் ஆசை வந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகாராஜா அதிரூபராயர் தன் வரலாற்றை அறுநூற்று நாற்பது பக்கத்துக்கு எழுதி அச்சடித்துவிட்டார். புத்தகத்தின் பெயர் ‘யாம்’. நாட்டில் ஒரு ஈ காக்காய்கூட அதைப் புரட்டவில்லை.

மந்திரி மகுடேசர் ஒரு யோசனை சொன்னார். “எழுதினால் மட்டும் போதாது அரசே. எழுத்தாளர் தினமும் இணையத்தில் முகம் காட்ட வேண்டும். பின்தொடர்பவர்கள் தானாகச் சேருவார்கள்.”

முகம் காட்டினார்கள். பேனாவைக் கன்னத்தில் வைத்து ராஜா யோசிக்கும் படம். ஜன்னலோரம் காபி டம்ளரோடு ராஜா. யானை மேல் புத்தகத்தோடு ராஜா. அந்தப் படத்தில் யானை மிக நன்றாக வந்திருந்தது. ஒரு மாதத்தில் பின்தொடர்பவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் அரண்மனைச் சிப்பந்திகள். மீதி ஒருவர் யாரென்று பார்த்தால், வேறு பெயரில் மகாராஜாவேதான்.

ராஜா சபையில் பொரிந்து தள்ளினார். மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. யார் தலையில் இதைக் கட்டலாம் என்று கண்ணை ஓட்டினார். மூலையில் மனுக்கட்டோடு தையல்நாயகி நின்றிருந்தாள்.

மக்கள் அனுப்பும் மனுக்களைப் படித்து ராஜாவுக்குச் சொல்வது அவள் வேலை. வருகிற மனுக்களில் பாதி மந்திரியைப் பற்றியது என்பதால், மகுடேசருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

“அரசே, மக்கள் மனசு தையல்நாயகி அம்மாவுக்குத்தான் அத்துப்படி. அவரிடம் ஒப்படையுங்கள். பத்து நாளில் பத்தாயிரம் பேர் பின்தொடரவில்லை என்றால் வேலையை விட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும். இந்தப் போனையும் நீயே வைத்துக்கொள், தையல். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது” என்றார் ராஜா.

தையல்நாயகிக்குக் கோட்டைக்குள் குடியிருப்பு, கால் ஒடிந்து படுத்திருக்கும் புருஷன், எல்லாம் இந்த வேலையை நம்பித்தான். வீட்டுக்குப் போய் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு புத்தகத்தை எடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்தது மனு படிக்கத்தான். மனுவில் முதல் பக்கம் முழுக்க வணக்கமும் புகழ்ச்சியும் இருக்கும். விஷயம் எங்கோ அடியில் வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கும். ‘யாம்’ நூலையும் அப்படியே படித்தாள். புகழ்ச்சியைத் தள்ளிக்கொண்டே போனாள், போனாள், நானூற்றுப் பதினேழாம் பக்கம் வரை போனாள். அங்கே சிரித்துவிட்டாள்.

மறுநாள் ராஜாவின் இணையப் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. நான்கே வரி இருந்தது.

‘மாமனார் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வான்கோழி எம்மை முறைத்தது. யாம் அதை முறைத்தோம். அது நிறுத்தவில்லை. யாம் ஓடினோம்.’

அதற்குக் கீழே, ‘மீதி நாளைக்கு’ என்று போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் ராஜா கிணற்றைச் சுற்றினார், வான்கோழியும் சுற்றியது. மூன்றாம் நாள் பட்டு வேட்டியின் முனை வான்கோழியின் அலகில் சிக்கியது. நாட்டில் உள்ள மாப்பிள்ளைகள் எல்லாம் தங்கள் மாமனார் வீட்டுக் கதையைக் கீழே எழுதத் தொடங்கினார்கள். மாமனார்கள் வந்து மறுப்பு எழுதினார்கள். வேட்டி தப்பியதா இல்லையா என்று ஊரே அடித்துக்கொண்டது. காத்திருக்கப் பொறுக்காதவர்கள் புத்தகக் கடையில் வரிசை கட்டினார்கள். ஒன்பதாம் நாள் பதினாலாயிரம் பேர்.

மந்திரிக்கு வயிறு எரிந்தது. சபைக்கு ஓடினார்.

“அரசே, துரோகம். நீங்கள் வான்கோழிக்குப் பயந்து ஓடியதாக இவள் கதை கட்டியிருக்கிறாள். ஊரே சிரிக்கிறது.”

ராஜாவின் முகம் கறுத்தது. “வான்கோழியா?”

“ஆமாம் அரசே. உங்கள் புத்தகத்தில் இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. மூன்று முறை எழுத்தெண்ணிப் படித்தவன் சொல்கிறேன்.”

“மூன்று முறையா?”

“நான்காவது முறை நடந்துகொண்டிருக்கிறது அரசே.”

தையல்நாயகி புத்தகத்தை எடுத்தாள். நானூற்றுப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்து ராஜாவின் கையில் கொடுத்தாள். ராஜா படித்தார். தொண்டையைச் செருமினார்.

“யாம் எழுதியதுதான்” என்றார்.

மந்திரி மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

ராஜா அவள் பக்கம் திரும்பினார். “அது கிடக்கட்டும். பதினோரு போரில் வாளை ஏந்தி நின்றேன். அதையெல்லாம் விட்டுவிட்டு இதையா போட்டாய்?”

“பின்தொடர ஆள் வேண்டும் என்றீர்கள் அரசே. மந்திரி உங்களை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் காட்டினார். நிற்கிறவரை எப்படிப் பின்தொடர்வது? ஓடுகிறவரைத்தானே பின்தொடர முடியும். புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன். நீங்கள் ஓடியது அந்த ஒரு பக்கத்தில்தான்.”

ராஜா அவளைப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்த வேலை உனக்கு ஆயுசுக்கும், தையல். புருஷனுக்கு அரண்மனை வைத்தியரை அனுப்புகிறேன்.”

தையல்நாயகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“மகுடேசரே, உமக்குத் தண்டனை. ‘யாம்’ நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும்.”

தையல்நாயகி பதறிப்போய்க் குறுக்கே வந்தாள். “ஐயோ அரசே, உங்கள் புத்தகத்தைப் படிப்பது தண்டனை என்று உங்கள் வாயாலேயே சொல்லலாமா? வெளியே தெரிந்தால் பதினாலாயிரம் பேரும் ஓடிவிடுவார்கள்.”

“பின்னே என்ன செய்யச் சொல்கிறாய்?”

“பரிசு என்று சொல்லிக் கொடுங்கள். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.”