அழுங்கு வாங்கிய மண்வெட்டி

மலையடிவாரத்து மருத மரத்தின் கீழே ஓர் அழுங்குக் குடும்பம் புதிதாகக் குடிவந்தது. அழுங்கு பரம சாதுவான பிராணி. உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி செதில் இருக்கும். கரையான் புற்றை நகத்தால் பிளந்து, நீண்ட நாக்கால் நக்கித் தின்னும். நகம்தான் அதற்கு எல்லாமே.

கணவன் பெயர் கவசன். மனைவி செம்பாயி. அவர்களுக்கு ஒரே ஒரு குட்டி. அது எப்போதும் அம்மாவின் வால்மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும்.

அதுவரை முள்ளம்பன்றி விட்டுப்போன வளையில் கொஞ்ச நாள், பாறை இடுக்கில் கொஞ்ச நாள் என்று காலம் தள்ளியவர்கள் அவர்கள். இந்த வளைதான் அவர்களே தோண்டிய முதல் வீடு. குடிவந்த அன்று கவசன் வாசலுக்கும் உள்ளுக்குமாக இருபது தடவை நடந்தான். செம்பாயி கண்ணை மூடி, "சாமி, என் பிள்ளைக்கு நனையாத இடம் கொடுத்திட்டே" என்று கும்பிட்டாள். சொந்த வீடு என்றால் யாருக்கும் அப்படித்தானே இருக்கும்.

பக்கத்து வளைப் பெருச்சாளி வீடு பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சரிவுல இருக்கு. ஐப்பசி மழையில மேலேயிருந்து வர்ற தண்ணி நேரா உன் வாசலுக்குத்தான் வரும். வாசலுக்கு மேலே குறுக்க ஒரு வாய்க்கால் வெட்டிடு. உன் நகத்துக்கு அரை நாள் வேலை."

"மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கே அண்ணாச்சி. நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்" என்றான் கவசன்.

மறுநாள் காலையில் அவன் நகத்தை ஊன்றி முதல் பிடி மண்ணைத் தள்ளும்போது, தோளில் பெரிய மூட்டையோடு ஒரு குரங்கு வந்து நின்றது.

"இந்த வீட்டுக்காரர் யாரு?"

வீட்டுக்காரர்! கவசனை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து நின்று, "நான்தான்" என்றான்.

"நீங்களா? கையால மண்ணைப் பிறாண்டிட்டு இருந்தீங்களா, ஏதோ கூலிக்கு வந்த ஆள்னு நினைச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க முதலாளி."

குரங்கு மூட்டையை அவிழ்த்தது. மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, புல் வெட்டுகிற கத்தரி, பூவாளி, மண் அள்ளும் இரும்புச் சட்டி என்று வரிசையாகப் பரப்பியது.

"ஊருக்குள்ள வீடு கட்டினவங்க எல்லாம் முதல்ல இதைத்தான் வாங்கி வைப்பாங்க. எல்லாத்தையும் எடுத்துக்குங்க. பதிலுக்கு ஏழு நாள் எனக்கு வள்ளிக்கிழங்கு தோண்டிக் கொடுத்தாப் போதும்."

செம்பாயி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நமக்குப் புல்லும் இல்லை, பூச்செடியும் இல்லை. இருக்கிறது ஒரு வாய்க்கால் வேலைதானே."

"இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வேணும். நாம என்ன இன்னும் இடுக்குலயா குடியிருக்கோம்?" என்றான் கவசன்.

ஏழு நாளும் விடியற்காலையில் போய், குரங்குக்காக நகத்தாலேயே கிழங்கு தோண்டினான். தோண்டும் கருவி வாங்குவதற்காகத் தோண்டிக்கொண்டே இருந்தான்! அவன் வீட்டு வாய்க்கால் முதல் பிடி மண்ணோடு அப்படியே கிடந்தது.

எட்டாம் நாள் கருவிகள் வீடு வந்து சேர்ந்தன. முன்னறை நிறைந்துவிட்டது. குட்டி படுத்துக்கொண்டிருந்த மூலையில் கடப்பாரை படுத்துக்கொண்டது.

கவசன் ஆசையாக மண்வெட்டியைத் தூக்கினான். காம்பு பிடிபடவில்லை. வளைந்த நீள நகங்கள் குறுக்கே நின்றன. வழியில் போன குரங்கைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"மண்வெட்டியில குறை இல்லை முதலாளி. உங்க நகம்தான் இடைஞ்சல். அதோ பாறை. தேய்ச்சு விட்டுடுங்க."

செம்பாயி அப்போது குட்டியோடு புற்றுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் கவசன் ஒரு நகம் விடாமல் தேய்த்து முடித்திருந்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

இப்போது காம்பு பிடிபட்டது. ஆனால் அது அவனைவிட உயரம். ஓங்கினான். மண்வெட்டி முன்னால் போகாமல் அவனையும் இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தது. இன்னொரு முறை ஓங்கினான். சொந்த முதுகுச் செதிலிலேயே டங்கென்று விழுந்தது.

அன்று மத்தியானமே வானம் இருண்டது. மழை இரண்டு நாள் முந்திக்கொண்டது. சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் நேராக வாசலுக்கு வந்தது.

கவசன் மண்வெட்டியை வீசிவிட்டு மண்ணில் பாய்ந்தான். மழுங்கிய விரல்கள் வழுக்கின. தோலும் உரிந்தது. மண் அசையவில்லை.

"தள்ளுங்க!" என்றாள் செம்பாயி. வால்மேல் குட்டியைச் சுமந்தபடியே வாய்க்காலைப் பறிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டுப் பெருச்சாளி ஓடி வந்து மறுமுனையிலிருந்து பறித்தார். கவசன் சும்மா நிற்க முடியாமல் அந்த இரும்புச் சட்டியைத் தேடி எடுத்து, அவர்கள் தள்ளிய சேற்றை அள்ளி அள்ளி ஓரத்தில் கொட்டினான். வாங்கியதில் அன்று உதவியது அது ஒன்றுதான்.

தண்ணீர் பக்கமாகத் திரும்பி ஓடியது. முன்னறை சேற்றில் மூடிப் போயிற்று. உள்ளறை தப்பியது. குட்டிக்கு ஆபத்தில்லை.

"குரங்கு கழுத்தைப் பிடிச்சா உன் கையில திணிச்சுச்சு?" என்று பெருச்சாளி ஆரம்பித்தார். கவசன் நின்ற கோலத்தைப் பார்த்ததும், "சரி விடு தம்பி, போய்க் கால் கழுவு" என்று முடித்துக்கொண்டார்.

ஆனால் கஷ்டம் அதோடு தீரவில்லை. நகம் இல்லாத அழுங்கு எப்படிப் புற்றைப் பிளக்கும்? நகம் வளர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை தினமும் செம்பாயிதான் புற்றைப் பிளந்துவிட்டு, "வாங்க, சாப்பிடுங்க" என்று நகர்ந்து நிற்பாள். அவன் தின்று மிஞ்சியதைத் தான் தின்பாள். நிறைய நாள் மிஞ்சியதே கொஞ்சம்தான்.

ஒருநாள் புற்றின் முன்னால் நின்றபடி கவசன் கேட்டான்.

"செம்பாயி, என்னை ஒரு வார்த்தைகூட ஏன் திட்டலை?"

"பசியோட இருக்கிறவரைத் திட்டினா சாமி பொறுக்குமா? முதல்ல சாப்பிடுங்க."

கவசன் பாதியிலேயே நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "இனிமே நாம சேர்ந்தே சாப்பிடுவோம். நீயும் வா" என்று இடம் விட்டு உட்கார்ந்தான். குட்டி வாலிலிருந்து இறங்கி இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது.

ஆகையால், கைக்கு ஏற்ற கருவியைத் தேடலாமே தவிர, கருவிக்கு ஏற்றபடி கடவுள் கொடுத்த கையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.