கேள்விப் பக்கம்

தாமிரவருணிக் கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிசாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கொட்டகை, ஒரு கிணறு, காவி கட்டிய ஒரு சாமி. அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம். சாயங்காலம் விளக்கேற்றியதும் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருத்தர் கேள்வியைச் சொல்வார், மற்றவர் பதிலைச் சொல்வார். குருவும் சீடனும் அந்தக் காலத்தில் பேசியதாகச் சாஸ்திரத்தில் உள்ளதையெல்லாம் அப்படித்தான் ஓதுவார்கள்.

பதில் பக்கம் எப்போதும் சங்கரலிங்கம். தலை நரைத்தபிறகு மடத்துக்கு வந்தவர், சாமி வயசுதான் அவருக்கும். வெண்கலக் குரல். வீட்டில் ஓதிப் பழகும்போது கேள்விப் பக்கம் அவர் மனைவி ஆவுடையம்மா. அரிசி புடைத்துக்கொண்டே, "செத்தபிறகு மனுசன் என்ன ஆவான்?" என்பாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு எடுப்பார்.

அந்த ஆவுடையம்மா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

ஒருநாள் விடியும்போது அவர் கையைப் பிடித்தாள்.

"இந்தாங்க, பயமா இருக்கு. நான் எங்க போவேன்?"

கேள்வி காதில் விழுந்ததும் சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். உயிருக்குச் சாவில்லை என்று ராகத்தோடு ஆரம்பித்துவிட்டார். பழக்கம், என்ன செய்ய?

"அது தேர்ல வில்லைப் போட்டுட்டு அழுதவனுக்குச் சொன்னது. அவன் எந்திரிச்சு சண்டைக்குப் போயிட்டான். எனக்கு எந்திரிக்கவே முடியலையே."

வேறொன்று எடுத்தார்.

"இது எமன் வாசல்ல காத்துக் கிடந்த பையனுக்கு. அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். நான் வருவேனா?"

ஒரு ரிஷி தன் பெண்டாட்டிக்குச் சொன்னது இருக்கிறதே, அதாவது பொருந்தும் என்று அதை எடுத்தார்.

"அதுல வீட்டை விட்டுக் கிளம்புறது புருசன்லா? இங்க போறது நான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கரலிங்கம் மடத்துக்கு ஓடினார். சாமி கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அப்பன் மகனுக்குச் சொன்னது இருக்கு. மகன் அப்பனுக்குச் சொன்னதும் இருக்கு. கசாப்புக் கடைக்காரர் தவசிக்குச் சொன்னதுகூட இருக்கு. இவளுக்கு மட்டும் ஒண்ணும் பொருந்தலையே!"

"பாம்பு கடிச்சுச் சாகப்போற ராஜா கேட்டது?"

"அதையும் நேத்தே சொல்லிப் பார்த்தேன். கேட்டு முடிச்சதும் ராஜாவுக்குப் பயம் போயிட்டுது, எனக்குப் போகலையேங்கா. வேற ஏதாவது எடுத்துக் குடுங்க சாமி. பொழுது சாயிறதுக்குள்ள போயிருவா போலிருக்கு."

சாமி வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டார்.

"வாரும்வே, போவோம்."

ஆவுடையம்மா பாயருகே தரையில் உட்கார்ந்தார் சாமி.

"என்ன கேட்டே தாயி?"

"நான் எங்க போவேன் சாமி?"

கதவோரம் நின்ற சங்கரலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் தனக்குச் சொல்லித்தராத ஒன்று இப்போது வரப்போகிறது என்று நினைத்தார்.

"எனக்குத் தெரியாது தாயி."

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"பயம்?"

"உண்டு. தனியா இருக்கும்போது ரொம்ப உண்டு."

அவள் அவரையே பார்த்தாள்.

"காவியைக் கட்டிக்கிட்டு இதைச் சொல்ல வெக்கமா இல்லையா சாமி?"

"இருக்கு."

அவள் அழுதாள். சாமி தேற்றவில்லை, அங்கேயே இருந்தார். தண்ணீர் கேட்டாள், கொடுத்தார். மத்தியானம் உயிர் போயிற்று. பாயின் ஓரத்தைப் பிடித்த பிடியைக் கடைசிவரை அவள் விடவே இல்லை.

எரித்துவிட்டு, ஆற்றில் முழுகிவிட்டு வரும் வழியில் சங்கரலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

"பயந்துக்கிட்டே போயிட்டா சாமி. ஒரு வார்த்தை, பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை ஓதுறோமே, எந்தக் குருவாவது எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்காரா?"

 சாமி கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"நெறையப் பேரு சொல்லியிருப்பாங்கவே. அதை எவன் பாடம் பண்ணி வைப்பான்?"