கண்ணாடிக்குள் நீச்சல்குளம்

புறவழிச்சாலை ஓரத்தில் மனை விற்ற தில்லைநாயகம், போர் போட்டும் தண்ணீர் வராததை மறைக்க, வருகிறவர்களுக்கு நீச்சல்குளம் காட்டும் 3டி கண்ணாடியை மாட்டிவிட்டார்.

சைட்டைப் பெருக்கும் செங்கமலத்திடம், "தண்ணி கேன் ஒண்ணுகூட இங்க கண்ணுல படக்கூடாது. யாராவது கேட்டா, தேனாட்டம் தண்ணி வருதுன்னு சொல்லு. இல்லன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று உறுமினார்.

ஞாயிறன்று வேன் நிறைய ஆள் வந்தது. வெயிலில் பேசிப் பேசி அவருக்குத் தொண்டை வறண்டது.

"ஏய், தண்ணி கொண்டா!"

செங்கமலம் மேசையிலிருந்த 3டி கண்ணாடி ஒன்றை நீட்டினாள். "இதுல குளமே இருக்கு முதலாளி. வேணுங்கிற மட்டும் குடிங்க."

வந்தவர்களில் ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இங்க போர் இல்லையா?"

"எண்ணூறு அடி போட்டிருக்கு சார். புழுதிக்குக் குறைச்சலே இல்ல."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.