தட்டிக்கொண்டே இருந்த பெட்டி

ஒரு மலை இருந்ததாம். அந்த மலையைக் குடைந்து, அதன் வயிற்றில் இரும்பு வீடு ஒன்றைக் கட்டி, லேசில் வராத விருந்தாளிக்காகக் காத்துக் கிடந்த கூட்டம் ஒன்றும் இருந்ததாம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். மலை இருக்கிற ஊர்.

விருந்தாளி மனிதர் இல்லை, துகள். அத்தனை பாறையையும் துளைத்துக்கொண்டு எப்போதாவது ஒன்று வரும். வந்ததைச் சொல்லத்தான் கம்பிப் பெட்டிகள். பெட்டி நிறைய வாயு. வாயுவுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், வரிசையாக, விறைப்பாக, மின்சாரம் ஏற்றி. துகள் குறுக்கே போனால் கம்பி உணர்ந்துகொள்ளும். பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கி ‘டிக்’ என்று சொல்லும்.

பெட்டி கட்டச் சொல்லிக்கொடுத்தவள் அரியநாச்சி. கற்றுக்கொள்ள வந்த பூவராகனுக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. கல்லூரியில் கரும்பலகை நிறையத் துகள்களை வரைந்து வரைந்து அலுத்துப்போய், ஒன்றையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

“மேடம், மறுபடியும் தட்டுது!”

மலைக்கு வெளியே இருந்த பட்டறையில் அரியநாச்சி புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“எது சார்?”

“எதுவா? என் பெட்டிதான். துகள் விடற பொருள் எதையும் முன்னாடி வைக்கலை. கரண்ட் ஏத்தின உடனே டிக் டிக்குனு ஆரம்பிச்சுடுது. உள்ளே தூசி.”

“திறந்து பார்த்தீங்களா?”

“மூணு தடவை திறந்தாச்சு. ஸ்பிரிட் போட்டுக் கம்பி கம்பியாத் துடைச்சாச்சு.”

“என்ன இருந்தது?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததையா மூணு தடவை துடைச்சீங்க?”

பூவராகனுக்குச் சுருக்கென்றது. தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். இவளிடம் ஒரு கேள்வியோடு வந்தால் இரண்டோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

“மேடம், சாயங்காலம் இரும்பு வீட்டுக் கதவை மூடறாங்க. மூடினா வருஷக்கணக்குல திறக்க மாட்டாங்க. என் பெட்டிக்கான இடம் ஒண்ணுதான் காலியா இருக்கு.”

“தெரியும். தகடு தயாரா இருக்கு.”

“என்ன தகடு?”

“பெட்டி இல்லைன்னா அந்த ஓட்டையை அடைக்கணுமில்ல? அலுமினியத் தகடு. தட்டவே தட்டாது.”

அழுவதா கத்துவதா என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு வருஷமாக அவர் கையால் இழுத்துக் கட்டிய கம்பிகள். பெண்டாட்டிகூடப் போனில், “இன்னும் கட்டி முடியலையா? இந்நேரம் வீடே கட்டியிருக்கலாமே” என்று கேட்டுவிட்டாள்.

“நாலாவது தடவை திறக்கறேன். வழி சொல்லுங்க, இல்லாட்டி விடுங்க.”

அரியநாச்சி கை கழுவினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைப் பார்த்தாள். பெட்டி தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

“டிராலியில ஏத்துங்க. வாயு சிலிண்டர், பேட்டரி, ஒலிபெருக்கி, எல்லாத்தையும் சேர்த்து. எதையும் அணைக்காதீங்க.”

“எங்கே?”

“உள்ளே.”

“கெட்டுப்போன பெட்டியையா?”

“தள்ளுங்க சார்.”

உச்சிவெயிலில் தள்ளினார். சக்கரம் கிறீச்சிட, பெட்டி தட்ட, இரண்டும் சேர்ந்து அவர் மானத்தை வாங்கின. சுரங்க வாசலில் நின்ற கதவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன சார், ஊர்வலமா? மேளமெல்லாம் பலமா இருக்கே!”

பூவராகன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

டிக். டிக்டிக். டிக்.

“குலுக்கலையும் சேர்த்துக் கொடுக்கறோம். இருக்கற கம்பியும் அறுந்து போகட்டும்” என்றார்.

அவள் முன்னால் நடந்தாள்.

வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. பாறையிலிருந்து நீர் சொட்டியது. அவர் திட்டிக்கொண்டே தள்ளினார். பெட்டியை, தூசியை, ஸ்பிரிட் விற்றவனை, கடைசியில் தன்னையே. திட்ட ஆள் தீர்ந்துபோய் மூச்சு வாங்க நின்றபோதுதான் கவனித்தார்.

டிக்.

வெகுநேரம் கழித்து, இன்னொரு டிக்.

பாதி வழியில் அதுவும் அடங்கியது. இரும்பு வீட்டின் முன்னால் வந்து நின்றபோது பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

“போச்சு! கரண்ட் போயிடுச்சு!” குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. வாயுவும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் முகம் மலர்ந்தது.

“மேடம், சரியாயிடுச்சு! தூசி போயிடுச்சு!”

“யார் திறந்தா?”

“யாரும் திறக்கலை.”

“யார் துடைச்சா?”

“யாரும்...”

“அப்போ யார் நிறுத்தினா?”

பூவராகன் பெட்டியைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். வாசல் ஒரு பொட்டாகக்கூடத் தெரியவில்லை.

பிறகு மெல்ல அண்ணாந்து பார்த்தார்.

தலைக்கு மேல் பாறை. பாறைக்கு மேல் முழு மலை. மலைக்கு மேல், ஓயாமல் துகள்களைக் கொட்டிக்கொண்டிருக்கும் வானம்.

வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. ஸ்பிரிட் வாடை இன்னும் போகாத வலது கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“மூணு தடவை” என்றார், தனக்குள் சொல்வதுபோல. “வானத்தையா துடைச்சேன்?”

அரியநாச்சி அவரைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த இடத்தை விரலால் காட்டினாள்.

“மாட்டுங்க. கதவுக்காரங்க திட்டறதுக்குள்ள.”

அவள் போய்விட்டாள்.

அவர் மாட்டினார். திருகுகளை முடுக்கினார். கம்பிகளை இன்னொரு தரம் சோதிக்கவில்லை. காத்திருக்கவும் இல்லை. தொப்பியில்லாத தலையைத் தடவிக்கொண்டு, காலி டிராலியைத் திருப்பினார்.

டிக்.

ஒன்றே ஒன்று. அத்தனை மலையையும் தாண்டி.

“வாங்க” என்றார் பூவராகன். திரும்பிப் பார்க்காமல் டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.