இலுப்பைக்கு ஒரு பிள்ளை

"அம்மா, இந்த வௌவால்களை ஒழிச்சாத்தான் விதை முளைக்கும்" என்றார் வெள்ளைக்கண்ணு.

மங்கையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்ல பழத்தையெல்லாம் அதுக கொண்டுபோயிடுது. எனக்கு மிஞ்சுறது சொத்தை. சொத்தையை ஊனினா எப்படி முளைக்கும்?"

ஓடைக்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வெள்ளைக்கண்ணு வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. நிலத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டு, இனி ஞானம் தேடுவோம் என்று கிளம்பி வந்தவர். வயது அறுபத்துநாலு. குரு மங்கையம்மைக்கு நாற்பதுதான். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, முதல் ஒரு மாதத்தைத் தவிர.

வந்த அன்றைக்கு அம்மா மந்திரம் எதுவும் சொல்லித்தரவில்லை. வாசலில் நின்ற கிழட்டு இலுப்பையைக் காட்டினார். அடிமரம் பொந்தாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் அதை விட்டால் வேறு இலுப்பை கிடையாது. வழிப்போக்கருக்கு நிழல் அதுதான். கிளியும் அணிலும் மைனாவும் அதை நம்பித்தான் இருந்தன.

"இது விழறதுக்குள்ள இதுக்கு ஒரு பிள்ளையை வளர்த்துக் குடுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்."

வெள்ளைக்கண்ணுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஞானம் இவ்வளவு சல்லிசாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. விதை விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெல்லோ சுரையோ கம்போ, அவர் காயவைத்த விதை பொய்த்ததாக அவர் ஊரில் பேச்சே கிடையாது.

இலுப்பைக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனியில் பழம் பொறுக்கி, கொட்டையை அலசி, ஏழு வெயில் காயப்போட்டார். சாம்பலில் புரட்டிப் பானையில் அடைத்தார். ஐப்பசி மழை விழுந்த பிறகு ஊன்றினார்.

ஒன்றும் முளைக்கவில்லை.

மறு வருடம் பன்னிரண்டு வெயில். சாம்பலோடு வேப்பிலையும் போட்டார். தகரம் தட்டி வௌவால்களை விரட்டினார். அதுவும் போயிற்று.

அந்த மார்கழியில் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மரம் தன்னைப் பார்த்துக்கொண்டே நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

இப்போது மூன்றாவது ஆனி.

"என்ன செய்யணுங்கிறீங்க?" என்றார் மங்கையம்மை.

"மரம் முழுக்க வலை போட்டுடறேன். ஒரு பழம் தப்பாது."

அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"போடுங்க. ஓடைப் பக்கத்துக் கிளையை மட்டும் விட்டுடுங்க."

"அது எதுக்கு?"

"பழகின இடம்னு அதுக வரும். பசியோட திரும்பக் கூடாது."

வெள்ளைக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே போனார். சொன்னபடியே அந்தக் கிளையை விட்டார்.

அந்த வருடம் முந்நூறு கொட்டை. ஒவ்வொன்றும் முத்து. பதினைந்து வெயில் கொடுத்தார். ஐப்பசியில் ஊன்றிவிட்டு, காலையும் மாலையும் பாத்தி ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

கார்த்திகை முடிந்தது. ஒரு கொட்டையைத் தோண்டி உடைத்தார். உள்ளே பருப்பு கறுத்து, எண்ணெய்ச் சிக்கு நாற்றம் அடித்தது.

மறுநாள் காலை துணிப்பையோடு வந்து நின்றார்.

"தோத்துட்டேன் அம்மா. ஊருக்குப் போறேன். அடுத்த பெருங்காத்துக்கு இது நிக்காது. விழறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை."

"சரி" என்றார் மங்கையம்மை. "போறதுக்கு முன்னால நாலு பனையோலை வெட்டிக் குடுத்துட்டுப் போங்க. அடுக்களை ஒழுகுது."

மூன்று வருடம் பாடுபட்டதற்குக் கடைசியில் கிடைத்த உபதேசம் இதுதானா என்று வெள்ளைக்கண்ணுவுக்கு ஆத்திரம். அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார்.

அக்கரையில் ஒரு பனை. அதன் அடியைச் சுற்றி ஆடு மாடு நுழைய முடியாத சூரைமுள் புதர். இருந்த கோபத்தையெல்லாம் அதன்மேல் காட்டினார். ஒரு வெட்டு. இரண்டு வெட்டு.

மூன்றாவது வெட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

முள்ளுக்கு நடுவே செம்பு நிறத்தில் ஒரு இலுப்பைக் கொழுந்து.

உச்சிப்பொழுது ஆகியும் ஓலை வரவில்லை. மங்கையம்மை தேடிக்கொண்டு வந்தார். வெள்ளைக்கண்ணு புதருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் முள் கீறி ரத்தம்.

"அம்மா, பார்த்து வாங்க. மிதிச்சுடாதீங்க."

அம்மா குனிந்து பார்த்தார். புதருக்குள் அங்கங்கே இலுப்பைக் கன்றுகள்.

"இது பதினொண்ணும் இந்த வருசத்துது. அந்த ஒத்தைக் கிளைப் பழம். வௌவாலுக சதையைத் தின்னுட்டு, ஈரம் காயறதுக்குள்ள கொட்டையை இங்க போட்டிருக்குதுக." ஒரு கன்றின் மேல் கிடந்த முள்ளை விலக்கினார். "இதுக்கு வெயிலே ஆகாது போல. அத்தனையையும் நான்தான் காயவெச்சுக் கொன்னிருக்கேன்."

"அந்த ரெண்டும்?"

"முழங்கால் உயரமா? அது நான் தகரம் தட்டின வருசம்."

பனையை ஒட்டி ஒரு கன்று நின்றது. வெள்ளைக்கண்ணுவின் தலைக்கு மேல் ஒரு சாண் வளர்ந்திருந்தது. தண்டு மணிக்கட்டுப் பருமன்.

"அது?"

"நான் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே, அம்மா."

மங்கையம்மை ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், பசிக்குமேன்னுதான் அந்தக் கிளையை விடச் சொன்னேன்" என்றார். "இது எனக்குத் தெரியாது."

வெள்ளைக்கண்ணு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தலைக்கு மேலே, பனையோலை மடிப்புகளில் வௌவால்கள் தலைகீழாய்த் தூங்கிக்கொண்டிருந்தன.

கல்யாணத்துக்கு அழைக்க வந்தவரைப் போல அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆனியில பழுத்துரும்" என்றார். "குடும்பத்தோட வந்துடணும்."